ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

பேட்டர்ஷா நகரில் கொலை நடந்தால் போலீசுக்குச் சொல்வார்கள். தலைபோகிற காரியம் என்றால் துப்பறிவாளர் நெவில் கிரிம்ஷாவிடம் வருவார்கள்.

அந்த வியாழக்கிழமை சாயங்காலம் வந்தவர் வில்ஃப் ஆக்டன். கூடவே ஆளுயரத்துக்கு மேல் ஒரு கம்பும் வந்தது. கம்பின் உச்சியில் வட்டத் தட்டி. தட்டியில் 'நில்' என்று எழுத்து. பள்ளிக்கூடத்து வாசலில் வண்டிகளை நிறுத்திப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவது வில்ஃபின் உத்தியோகம். மீன் வறுவல் கடைக்கு மேல்மாடியில் இருந்த கிரிம்ஷாவின் அலுவலகத்துக்குள் அந்தக் கம்பு நிமிர்ந்து நுழைய முடியவில்லை. வில்ஃபும் நிமிர்ந்து நுழையவில்லை.

"உக்காருங்க கண்ணு," என்றாள் உதவியாளர் பெர்னி.

பேட்டர்ஷாவில் எல்லோரும் எல்லோரையும் 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் அடகுக்கடையைக் கொள்ளையடிக்க வந்தவன்கூட "கையத் தூக்கு கண்ணு" என்றான். "தூக்கிட்டேன் கண்ணு" என்று பதில் வந்தது.

"எனக்கு ஆயுள்," என்றார் வில்ஃப்.

"ஆயுளா? எங்க?"

"மூணு நொண்டி வாத்துல."

கிரிம்ஷா தேநீர்க் கோப்பையை மெல்லக் கீழே வைத்தார். 'மூன்று நொண்டி வாத்து' என்பது தெருமுனை பப். அங்கே ஆயுள் என்றால் ஆயுள் தடை. இனி சாகும்வரை அந்த வாசலை மிதிக்கக் கூடாது.

"இன்னிக்கி ராத்திரி வினாடி வினா முடிஞ்சதும் முதலாளியம்மா மோ என் பேரைத் தடைப் பலகையில எழுதப் போறாளாம். அப்புறம் நான் எங்க போவேன் நெவில்? வீட்டுக்கா?"

அவர் வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்தால் எதிரே சுவர் தெரியும்.

"என்ன குத்தம்?"

"ஜெயிச்சேன்னு சொல்றாங்க."

"ஜெயிக்கிறது குத்தமில்லையே."

வில்ஃப் குரலைத் தாழ்த்தினார். "தனியா."

பெர்னி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அந்த பப்பின் மூலையில் ஒரு வினாடி வினா இயந்திரம் உண்டு. திரையில் கேள்வி வரும், கீழே நாலு விடை, நாலு பொத்தான். காசைப் போட்டு ஏணிப்படி போலக் கேள்வி கேள்வியாக ஏற வேண்டும். கடைசிப் படியில் சரியாகச் சொன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே காசைக் கொட்டும். ஒரு தடவை கொட்டிவிட்டால், வயிறு மறுபடி நிறையும்வரை கஞ்சனாகிவிடும்; கேள்விகளெல்லாம் கொம்பு முளைத்து வரும். அதற்கு எல்லாம் தெரிந்திருந்தது, அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இருக்கவில்லை. ஆகவே ஊரார் அதைப் 'பேராசிரியர்' என்று அழைத்தார்கள்.

பேராசிரியரை ஆட ஒரே சட்டம்தான். ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும், மற்றவர்கள் பின்னால் நின்று கத்த வேண்டும். விழுந்த காசு அத்தனையும் கத்தியவர்களுக்கு பீராகவும் சிப்ஸாகவும் மாற வேண்டும். தப்பாகக் கத்தியவருக்கும் பங்குண்டு. அவரும் தொண்டையைச் செலவழித்தவர்தானே. தனியாக ஆடி, தனியாக ஜெயித்து, தனியாகப் போவது என்பது பேட்டர்ஷாவின் குற்றவரிசையில் கொலைக்குக் கொஞ்சம் மேலே, கிறிஸ்துமஸ் வாரத்தில் பீர் விலையை ஏற்றுவதற்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

"கொஞ்ச நாளா யாரோ அதை வழிச்சு எடுத்துடறாங்க," என்றார் வில்ஃப். "ராத்திரி நாங்க போய் நின்னா பேராசிரியர் வெறும் வயித்தோட மொறைக்கிறாரு. சாயங்காலத்துல மத்தவங்க வர்றதுக்கு முந்தி அங்க தனியா நிக்கிறது நான்தான். எனக்குக் கேள்வின்னா ஆசை. பதில்தான் வராது. போதாக்குறைக்கு என் பாக்கெட்டு வேற குலுங்குது."

பாக்கெட்டிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் குலுக்கிக் காட்டினார். புதினா மிட்டாய்.

கிரிம்ஷா எழுந்தார். "பெர்னி, என் கோட்டு எங்க?"

"உங்க மேல இருக்கு தலைவரே."

"நல்லது. துப்பு கிடைக்க ஆரம்பிச்சிடுச்சு. வா."

*

'மூன்று நொண்டி வாத்து' வாசலில் ஒரு கரும்பலகை சாய்ந்திருந்தது. பப்பின் உரிமையாளர் மோரீன், எல்லோருக்கும் மோ, தன் கையால் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தாள்: 'டின்னர் ரெண்டு மணியோட முடிஞ்சாச்சு. கெஞ்சாதீங்க.'

பெர்னி அதைப் படித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டாள். கிரிம்ஷா அதைப் படித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

உள்ளே இன்னும் கூட்டம் சேரவில்லை. கல்லாவுக்கு மேலே தடைப் பலகை தொங்கியது. அதில் இதுவரை நாலு பெயர்: தனியாக ஜெயித்த ஒரு குழாய் ரிப்பேர்க்காரர், அவருடைய நாய், ஒரு வேல்ஸ் பாடகர் குழு, 'ஜெஃப்ரி (எந்த ஜெஃப்ரி என்று அவனுக்குத் தெரியும்)'. ஐந்தாவது வரிக்கு மோ ஏற்கனவே கோடு போட்டு வைத்திருந்தாள்.

"என்ன வேணும்?" என்றாள் மோ, கிளாஸைத் துடைத்தபடி.

"நியாயம்," என்றார் கிரிம்ஷா.

"அது குழாய்ல வராது. கசப்பு பீர் வரும்."

"ரெண்டு குடு. வில்ஃப்தான்னு யாரு சொன்னா?"

"ஜானிஸ்தான். உள்ள சமையக்கட்டுல நின்னுக்கிட்டே கேட்டிருக்கா. டின்னர் நேரத்துல மெஷின் பாடுதாம், காசு கொட்டுதாம். டின்னர் நேரத்துல இங்க தனியா நிக்கிறது யாரு? இந்த மனுஷன்தான்." மோ வில்ஃபைப் பார்க்காமல் வில்ஃபைக் காட்டினாள்.

ஜானிஸ் வரவழைக்கப்பட்டாள். மாவு படிந்த கையோடு வந்து, கோர்ட்டுக் கூண்டில் நிற்பதுபோல் சிகரெட் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப கேட்ட கண்ணு?" என்றார் கிரிம்ஷா.

"டின்னர் நேரத்துல. தினமும்."

"நீ டின்னர் எப்ப சாப்பிடுவ?"

"இது ஒரு கேள்வியா? மத்தியானம்தான். மனுஷங்க வேற எப்ப சாப்பிடுவாங்க?"

"அப்ப ராத்திரி?"

"ராத்திரி டீ."

"டீன்னா?"

"கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி."

"குடிக்க?"

"டீ," என்றாள் ஜானிஸ், இவருக்கு என்ன ஆயிற்று என்ற முகத்தோடு.

பேட்டர்ஷாவிலும் அதற்கு வடக்கேயும் டின்னர் என்றால் பகல் சாப்பாடு. தெற்கே போகப் போக அது வழுக்கிக்கொண்டே போய் லண்டனில் ராத்திரி எட்டு மணிக்குப் போய் விழுகிறது. மோ தெற்கே கெண்ட் பக்கத்திலிருந்து வந்தவள்.

"அடக் கடவுளே," என்று மோ நெற்றியில் கைவைத்தாள். "எங்க ஊர்ல டின்னர்னா ராத்திரிச் சாப்பாடு. நான் என்னத்தக் கண்டேன்!"

ஜானிஸும் வில்ஃபும் இரக்கத்தோடு தலையாட்டினார்கள். தெற்கத்தியர்களுக்கு எதுவும் தெரியாது என்பதில் பேட்டர்ஷாவில் இரண்டு கருத்து கிடையாது.

"மத்தியானத்துல நான் நடுரோட்ல இல்ல நிக்கிறேன்!" வில்ஃப் கம்பைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். "டின்னருக்கு வீட்டுக்குப் போற பிள்ளைங்கள ரோட்டைக் கடத்திவிட்டுக்கிட்டு! பள்ளிக்கூடமே சாட்சி!"

"அப்ப விஷயம் முடிஞ்சுது," என்றாள் பெர்னி. "பலகையில கோட்டை அழிச்சிடு மோ."

"அதெப்படி?" மோவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. "ஒருத்தர் பேரு எழுதப்போறேன்னு ஊர் முழுக்கச் சொல்லியாச்சு. எழுதலைன்னா பலகைக்கு என்ன மரியாதை? வேற ஆளைக் காட்டு, வேற பேரு எழுதறேன். காட்டலைன்னா வில்ஃப்தான். மத்தியானத்துல செய்யாதவன் சாயங்காலத்துல செஞ்சிருக்க மாட்டான்னு என்ன நிச்சயம்?"

இந்த வாதத்தில் எங்கோ ஓட்டை இருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. எங்கே என்று விரல் வைக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

"ஜானிஸ்," என்றார் கிரிம்ஷா. "காசு கொட்டுற சத்தம் கேட்டதும் நீ வெளிய வந்து பாத்தியா?"

"ஓடியாந்து பாத்தேன். ரெண்டு மூணு தடவை."

"யாரு இருந்தா?"

"ஒரு ஈ காக்கா இல்ல."

கிரிம்ஷா மறுபடி தொப்பியைச் சரிசெய்தார். அவர் தொப்பி முதல் தடவையே சரியாகத்தான் இருந்தது என்பதைப் பெர்னி கவனித்துக்கொண்டாள்.

*

"ஆடு," என்றார் கிரிம்ஷா, சில்லறையைப் பெர்னியின் கையில் கொட்டி.

"தனியாவா? எனக்கும் ஆயுள் வாங்கிக் குடுக்கவா?"

"வில்ஃப் பின்னால நின்னு கத்துவாரு. சட்டம் திருப்தியாயிடும்."

பெர்னி லிவர்பூலில் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றிப் படித்தவள். பட்டம் வாங்குவதற்குச் சற்று முன்னால், அவை தன்னைவிடச் சுறுசுறுப்பாக இருப்பது பொறுக்காமல் படிப்பை விட்டுவிட்டாள். ஆனாலும் அவள் தலைக்குள் எல்லாத் துறையிலும் கொஞ்சம் கொஞ்சம் குப்பை சேர்ந்திருந்தது. வினாடி வினா இயந்திரத்துக்கு அதைவிட நல்ல தகுதி கிடையாது.

மங்கோலியாவின் தலைநகரைச் சொன்னாள். செஸ் பலகையின் கட்டங்களைச் சொன்னாள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தெலும்பைச் சொன்னாள். வில்ஃப் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னாலிருந்து "நெப்போலியன்!" என்று கத்தினார். ஒரு கேள்விக்கு அதுவே சரியான விடையாக இருந்ததில் அவரே பயந்துபோனார்.

கடைசிப் படி வந்தது. திரை சிவப்பாகிக் கேள்வியை உமிழ்ந்தது.

ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?

"வந்துட்டான்யா என் ஆளு!" பெர்னி கைகளைத் தேய்த்துக்கொண்டாள். "மூணு. செவுளுக்கு ரெண்டு, உடம்புக்கு ஒண்ணு. இதைப் பத்திப் பரீட்சையில ஆறு பக்கம் எழுதியிருக்கேன்."

'மூன்று' என்ற பொத்தானை ஒரு அறை அறைந்தாள்.

பேராசிரியர் கழுதை கத்துவதுபோல் ஒரு சத்தம் எழுப்பினார். திரையில் எழுத்து ஓடியது: தவறு. சரியான விடை: இரண்டு.

அடுத்த சில நிமிடங்களுக்குப் பெர்னி பேசியது இந்தப் புத்தகத்தில் இடம்பெறாது. இயந்திரத்தின் பெற்றோர் பற்றியும், அதற்குக் கேள்வி எழுதிக் கொடுத்தவரின் பெற்றோர் பற்றியும், அவர்களுக்குள் திருமணம் நடந்திருக்க வாய்ப்பில்லை என்பது பற்றியும் அவள் விரிவாகப் பேசினாள். வில்ஃப் கம்பின் தட்டியால் காதை மூடிக்கொண்டார்.

"மூணுதான்! உலகம் பூரா மூணு! இந்த டப்பாவுக்கு மட்டும் ரெண்டாம்!"

"அருமை," என்றார் கிரிம்ஷா.

"எது அருமை? உங்க காசு போச்சு தலைவரே."

"யோசி. காசு கொட்டிட்டுக் கஞ்சனா இருக்கறப்ப பேராசிரியர் கடைசிப் படியில இதே கேள்வியைத்தான் கேப்பாரு; விவரம் தெரிஞ்சவங்க யாரும் அதைத் தாண்ட முடியாது. உண்மையைச் சொன்னா தோத்துடுவாங்க. இங்க ஜெயிக்கணும்னா ஒரு பொய்யை மனப்பாடம் பண்ணியிருக்கணும். நம்ம ஆளு அதைப் பண்ணியிருக்காங்க. ராத்திரி ஆடுறவங்க யாரும் சமீபத்துல கடைசிப் படி வரைக்கும் வந்ததே இல்ல, இல்லையா வில்ஃப்?"

"எட்டிக்கூடப் பாக்கல."

"அப்ப இந்தப் பொய் ஊர்ல ஒரே ஒரு மண்டைக்குள்ளதான் இருக்கு." கிரிம்ஷா பீரின் நுரையை ஊதினார். "ரெஜ் எப்ப வருவாரு?"

*

ரெஜ் வினாடி வினா நடத்துபவர். பகலில் செருப்புக்கடை வைத்திருந்தார். வியாழன் ராத்திரிகளில் அவர் கடவுள். கேள்வி கேட்பவர் சொன்னதே சரி, அது தப்பாக இருந்தாலும் சரி என்பது எந்த பப்பிலும் மாறாத விதி. இருந்தாலும் எல்லோரும் எதிர்த்துச் சண்டை போடுவார்கள். சண்டை போடத்தான் வருவார்கள்.

எட்டு மணிக்கு இடம் நிரம்பியது. புகை மண்டியது. அணிகள் மேசை மேசையாக உட்கார்ந்தன. வில்ஃப் எந்த அணியிலும் இல்லை. தண்டனைக் கைதியோடு சேர்ந்து உட்கார யாருக்கும் துணிச்சல் வரவில்லை. கதவோரமாகக் கம்பைப் பிடித்துக்கொண்டு, அநேகமாகக் கடைசியாகக் குடிக்கப்போகிற ஒரு பைன்ட் பீரைச் சொட்டுச் சொட்டாகக் குடித்தார்.

"பதினேழாவது கேள்வி," என்றார் ரெஜ் ஒலிவாங்கியில். கிரிம்ஷா கொடுத்த துண்டுச் சீட்டைத் தூக்கிப் பிடித்துப் படித்தார். "ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?"

பென்சில்கள் கீறின.

"யாரு ரெண்டுன்னு எழுதுறாங்களோ அவங்கதான்," என்று பெர்னி கிசுகிசுத்தாள்.

"இல்ல. தெரியாதவங்களும் ரெண்டுன்னு எழுதுவாங்க. எழுதிட்டு சும்மா இருப்பாங்க. சண்டைக்கு வர்றது யாருன்னு பாரு. குத்துமதிப்பா எழுதுனதுக்காக யாரும் ரத்தம் சிந்த மாட்டாங்க. காசு விழுந்து விழுந்து கத்துக்கிட்ட தப்பை மட்டும் யாரும் விட்டுக்குடுக்க மாட்டாங்க."

ரெஜ் விடைகளைப் படித்துக்கொண்டே போனார். "பதினேழு. மூணு."

"மூணா?" கசாப்புக்கடை டெஸ்மண்ட் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தார். "நாங்க ரெண்டுன்னு போட்டுருக்கோம்."

பெர்னி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கிரிம்ஷா அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"சரி போ," என்றார் டெஸ்மண்ட். "நான் ஆக்டோபஸை வெட்டினதே இல்ல." காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்தார்.

மற்ற மேசைகளும் அசையவில்லை. ஒரு அணி எட்டு என்று எழுதியிருந்தது. காலுக்கு ஒன்று என்று கணக்காம். ரெஜ் தொண்டையைக் கனைத்தார். "பதினெட்டு..."

டொக்கென்று ஒரு கிளாஸ் மரத்தில் உட்கார்ந்தது.

"ரெண்டு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எங்கே பார்ப்பது என்று முதலில் யாருக்கும் தெரியவில்லை.

"ஆக்டோபஸுக்கு ரெண்டு இதயம்," என்றாள் மோ, பாருக்குப் பின்னாலிருந்து.

"மூணு, மோ," என்றார் ரெஜ்.

"ரெண்டு, ரெஜ்."

"சீட்டுல மூணுன்னு இருக்கு."

"சீட்டைக் கொளுத்து! எனக்குத் தெரியாதா? நான் எத்தனை தடவை ரெண்டுன்னு அழுத்தி..."

அவள் கை வாயை மூடியது. ஆனால் வார்த்தை கைக்கு முந்தி வெளியே வந்து, பப்பின் நடுவில் வந்து நின்றுகொண்டது.

பேராசிரியர் மூலையில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணடித்தார்.

"எங்க அழுத்தின, மோ?" என்றார் கிரிம்ஷா, ரொம்ப மென்மையாக.

மோ துணியை எடுத்தாள். கிளாஸைத் துடைத்தாள். அது உடையப் போகிற துடைப்பு.

"உனக்கு டின்னர்னா என்னன்னு தெரியாதுன்னு சொன்ன. வாசப் பலகையில 'டின்னர் ரெண்டு மணியோட முடிஞ்சாச்சு'ன்னு எழுதினது யாரு கண்ணு? எழுத்து உன்னோடதுதானே? ராத்திரிச் சாப்பாடு ராத்திரி ரெண்டு மணிக்கா முடியுது?"

"அட ஆமா!" என்றது கூட்டம். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அந்தப் பலகையைப் படித்துப் படித்துப் பட்டினியாகத் திரும்பிய கூட்டம் அது.

"ஆனா நான் வெளிய வந்து பாத்தப்ப யாருமே இல்லையே!" என்றாள் ஜானிஸ்.

"மோ இல்லையா?"

"மோ இருந்தா. கிளாஸ் துடைச்சிக்கிட்டு." ஜானிஸ் குழம்பினாள். "மோவை யாராவது ஆளுன்னு எண்ணுவாங்களா?"

அது சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது.

மோ துணியைக் கீழே வைத்தாள்.

"நல்லாச் சொன்னடி," என்றாள். "நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து என்னை யாராவது ஒரு கேள்வி கேட்டிருக்கீங்களா? 'ஒரு பைன்ட் குடு', 'சில்லறை இருக்கா', 'கழிப்பறையில காகிதம் தீந்துபோச்சு'. இதெல்லாம் கேள்வியா? எந்த அணியிலயாவது 'மோ, நீயும் வா'ன்னு கூப்பிட்டிருக்கீங்களா? மத்தியானம் கடை காலியா இருக்கும். அந்த டப்பா ஒண்ணுதான் என்னைப் பாத்துக் கேக்கும். மங்கோலியாவோட தலைநகர் என்னன்னு கேக்கும். என்னை நம்பிக் கேக்கும்! சரியாச் சொன்னா பாடும். எனக்காக யாரு பாடுறா இங்க?"

"ஜெயிச்ச காசை என்ன பண்ண?" என்றாள் பெர்னி.

"மறுநாள் அதுக்குள்ளயே போட்டேன். இல்லைன்னா அது எப்படி அடுத்த கேள்வி கேக்கும்?"

யாராலும் இதைத் திருட்டு என்று சொல்ல முடியவில்லை. திருட்டு இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"என் பேரை ஏன் சொன்ன மோ?" கதவோரத்திலிருந்து வில்ஃப் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அவருக்குக் கேள்வி என்றால் ஆசை.

"ஜானிஸ் எல்லார்கிட்டயும் உளற ஆரம்பிச்சிட்டா. பயந்துட்டேன். இருக்கறதுலயே நீதான் கோவிச்சுக்க மாட்டேன்னு தோணுச்சு."

"கோவிச்சுக்கல. ஆனா நான் எங்க போயிருப்பேன்?"

மோ அவரைப் பார்த்தாள். பிறகு சாக்பீஸை எடுத்தாள், முக்காலியில் ஏறினாள், தடைப் பலகையின் ஐந்தாவது வரியில் தன் முழுப் பெயரையும் எழுதினாள். எழுத்துப்பிழை இல்லாமல் எழுதினாள். ஏப்ரனைக் கழற்றி மடித்து பாரின் மேல் வைத்துவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள்.

வெளியே மழை.

*

நீதி நிலைநாட்டப்பட்டுவிட்டது. பேட்டர்ஷா அதைக் கொஞ்ச நேரம் மௌனமாக ரசித்தது. பிறகு கசாப்புக்கடை டெஸ்மண்ட் காலிக் கிளாஸைப் பார்த்தார்.

"ஜானிஸ் கண்ணு, ஒரு பைன்ட்."

"எனக்கு ஊத்த அனுமதியில்ல. மோ சொன்னாத்தான் குழாயைத் தொடலாம்."

"மோவைக் கூப்பிடு."

"மோ உள்ள வரக்கூடாது."

"பலகையில பேரை அழி."

"பலகைல பேரை அழிக்கிற அதிகாரம் பப் முதலாளிக்கு மட்டும்தான்."

"முதலாளியக் கூப்பிடு!"

"மோதான் முதலாளி. மோ உள்ள வரக்கூடாது."

இந்த வளையத்தை அவர்கள் சில சுற்றுகள் சுற்றினார்கள். ரெஜ் ஒலிவாங்கியில் அமைதி காக்கும்படி கேட்டுக்கொண்டார். யாரோ அழுதார்கள். நாக்கு வறண்ட ஒரு ஊரின் எதிர்காலம் ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால், தலையில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு நனைந்துகொண்டிருந்தது.

"தலைவரே, ஏதாவது பண்ணுங்க," என்றாள் பெர்னி.

"நான் குற்றவாளியைக் கண்டுபிடிக்கிறவன்," என்றார் கிரிம்ஷா. "திருப்பி வைக்கிறது என் வேலையில்ல."

அப்போது கதவோரத்தில் ஒரு கம்பு நிமிர்ந்தது.

வில்ஃப் பைன்ட்டைக் கீழே வைத்தார். தொப்பியை அணிந்தார். கதவை விரியத் திறந்து வாசற்படியின் நடுவில் போய் நின்று, பப்பை நோக்கி வட்டத் தட்டியை உயர்த்தினார்.

நில்.

"இந்தக் கம்பைப் பிடிச்சா லாரி நிக்கும், பஸ் நிக்கும்," என்றார். இதுவரை யாரும் கேட்டிராத ஒரு குரல் அவரிடமிருந்து வந்தது. "மேயர் வண்டியே நின்னிருக்கு. உங்க பலகை பெரிய இவனா? ஆளு கடந்து முடிக்கிற வரைக்கும் எல்லாம் நில்லு!"

பப் நின்றது. டெஸ்மண்ட் வாய்க்குப் பாதி தூரத்தில் சிப்ஸோடு நின்றார். சட்டப்படி பார்த்தால் பலகையும் நின்றது.

வில்ஃப் இன்னொரு கையை மழைக்குள் நீட்டினார். "இடது பக்கம் பாரு, வலது பக்கம் பாரு. இப்ப வா கண்ணு."

மோ இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசற்படியைக் கடந்தாள். நேராகப் போய் முக்காலியில் ஏறி, நனைந்த சட்டைக் கையால் ஐந்தாவது வரியை அழித்தாள். ஏப்ரனை எடுத்தாள்.

அதற்குள் எல்லோரும் பாரின் மேல் விழுந்து ஆளுக்கொரு பைன்ட் கேட்டார்கள். வில்ஃப் மறுபடி கம்பைத் தூக்கினார்.

"அதுக்கு முன்னால என்கிட்ட ஒரு கேள்வி இருக்கு." அவர் கம்பைச் சாய்த்து வைத்துவிட்டு பாரில் முழங்கையை ஊன்றினார். பாக்கெட்டிலிருந்து சில்லறையை எடுத்து வைத்தார். கூடவே ஒரு புதினா மிட்டாயும் வந்தது. "என்ன குடிக்கிற மோ?"

மோ வாயைத் திறந்தாள். மூடினாள். அவள் முகத்தில் கடைசிப் படிக் கேள்வி விழுந்த சிவப்பு ஏறியது.

"தெரியல," என்றாள். "நாலு விடை குடு."

பிறகு பின்னால் நின்றவர்கள் அவரவர் வேலையை உணர்ந்து கத்த ஆரம்பித்தார்கள்.

"ஸ்டவுட்!"

"ஜின்!"

"ஷெர்ரி, ஷெர்ரி!"

"நெப்போலியன்!" என்று வில்ஃப், பழக்கதோஷத்தில்.

மோ கண்ணை மூடி யோசித்தாள். விரலை நீட்டி இல்லாத ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"ஜின்."

"ஒண்ணா, ரெண்டா?"

மோ ரெஜ்ஜைப் பார்த்தாள். ரெஜ் சீட்டைப் பார்த்தார். பெர்னியின் உதடு துடித்தது. கிரிம்ஷா அவள் காலை மிதித்தார்.

"ரெண்டு," என்றாள் மோ. "அதுல யாரும் எங்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

யாரும் வரவில்லை.